டாடியின் காருக்கு ஒரு கியர் பாக்ஸ்

1

என் மகன் கெவின் போன வாரம் டிரைவிங் லைசென்ஸ் வாங்கினான். பாதி லைசென்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் மட்டும் ஓட்டலாம், கியர் வண்டியைத் தொடக்கூடாது என்று அட்டையிலேயே ஓர் எழுத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை ஒரு குறையாக இங்கே யாரும் நினைப்பதில்லை.

மெல்பர்னில் அந்த அலுவலகத்தில் டோக்கன் எடுத்து ஒன்றேகால் மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். முகவரிக்கு நான் கொண்டுபோன மின்கட்டண பில்லில் என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. தண்ணீர் பில்லில் என் மனைவியின் பெயர். பதினெட்டு வருடம் என் வீட்டில் சோறு தின்றவன் என் வீட்டில்தான் இருக்கிறான் என்பதற்கு ஒரு வங்கிக் கடிதம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்ததும் கவுன்டரில் இருந்த பெண், அவன் ஏதோ நிலாவுக்குப் போய்த் திரும்பியவன் போல வாழ்த்துச் சொன்னாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டா, கியர் வண்டியிலயே டெஸ்ட் குடுத்திருக்கலாமே?"

"கியர் மாத்துறது காரோட வேலை டாட். நான் ஏன் செய்யணும்?"

தமிழில்தான் சொன்னான். சாப்பிட்டாயா என்று கேட்டால் தடுமாறுகிற அவனுடைய தமிழில், இந்த மாதிரி வாக்கியங்கள் மட்டும் பிழையில்லாமல் வந்து விழும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் அங்கேயே கார் பார்க்கில் நிற்க வைத்து அரைமணி நேரம் வகுப்பு எடுத்திருப்பேன். இப்போது வாய் வரவில்லை. நடுவில் சென்னைக்குப் போய்விட்டு வந்ததுதான் காரணம்.

2

டாடியிடம் ஒரு கார் இருக்கிறது. கலெக்டரும் கல்யாண மாப்பிள்ளையும் வாடகை டாக்சிக்காரரும் ஒரே மாதிரி பவனி வந்த அந்த உருண்டைக் கார்தான். பெயர் சொல்ல வேண்டியதில்லை. வெளிர் நீலம். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், ஒரே நீள சீட். கியர் தரையிலிருந்து முளைக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கை கியர் என்போம்.

டாடியும் மம்மியும் கல்யாணத்தன்று கோயிலுக்குப் போனது அந்தக் காரில். அப்போது அது டாடியின் சித்தப்பாவுடையது, பிறகு டாடி வாங்கிக்கொண்டார். டாடிக்கு நந்தனத்தில் ஒரு கல்லூரியின் பௌதிக லேபில் வேலை, மம்மிக்கு அடையாறில் டீச்சர் வேலை. காலையில் சாந்தோம் வீட்டிலிருந்து கிளம்பி மம்மியை அடையாறில் இறக்கிவிட்டு அவர் நந்தனம் போவார். நான் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேன்.

ஒரு காலத்தில் எல்லோரும் செய்தது போல டாடியும் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார். அதுவும் ஓய்ந்துபோனபோது நான் மூக்கை நுழைத்தேன். உடைக்க வந்த ஒரு ஜீப்பிலிருந்து டர்போ டீசல் இன்ஜினை எடுத்து வைக்கச் சொன்னேன். டாடி அப்படி ஒன்றும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. அவருக்குச் சாதாரண இன்ஜின் போதும். இங்கே சனிக்கிழமை காலைகளில் பழைய கார்களை நிறுத்திவைத்துக் காப்பி குடிக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன், சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

புது இன்ஜினின் இழுப்பைப் பழைய கியர் பாக்ஸ் எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் லஸ் கார்னரில் மூன்றாவது கியரின் பல் உதிர்ந்துவிட்டது. வண்டியைக் கயிறு கட்டிச் சிந்தாதிரிப்பேட்டைக்கு இழுத்துப்போனார்கள். அது அங்கே கிடக்கும்போதே கண் டாக்டர் டாடியிடம் இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பிறகு பாலவாக்கத்தில் ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவன் வந்தான். காரை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வளர்க்கப்போகிறானாம். வருகிறவர்கள் செல்பி எடுப்பார்களாம். இப்படி யோசிக்கிறவனுக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அன்று டாடி எனக்குப் போன் செய்தார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"சேவியர், வர்ற வருசம் எங்க கல்யாணப் பொன்விழா. பூசைக்கு நாங்க அந்த வண்டியிலதான் போவோம். நீ வந்து ஓட்டு. ஓட்டுனா வண்டி உனக்கு. யார் ஓட்டுறாங்களோ அவங்களுக்குத்தான் வண்டி. ஓட்ட ஆளில்லன்னா அந்தாளுக்கே குடுத்துர்றேன். செடி வளக்கட்டும்."

குரல் உடைந்துவிடாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குக் கேட்டது. செய்கிறேன் டாடி என்றேன். வண்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன்.

3

அதற்குப் பிறகு பதினோரு மாதம் நான் கியர் பாக்ஸ் தேர்ந்தெடுத்தேன். பெண்ணுக்கு வரன் தேடுகிறவன்கூட இவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள மாட்டான்.

முதலில் சனிக்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன். கெண்டைக்காலில் இன்ஜின் படம் பச்சை குத்திய பெரிய மனிதர்கள். என் கார் எது என்று அவர்களுக்குத் தெரியாது, படம் காட்டினால் பொம்மையா என்று கேட்டார்கள். ஆனால் யோசனை சொல்வதில் ஒருவரும் சளைக்கவில்லை. லாரி கியர் பாக்ஸ் போடு என்றார் ஒருவர். ஆறு கியர் இல்லாத பாக்ஸைத் தான் தொடுவதே இல்லை என்றார் இன்னொருவர். அவர் கார் ஏழு வருடமாக ஷெட்டைவிட்டு வெளியே வந்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

அடுத்து நம் ஆட்கள். தமிழர்களின் கார் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவர்கள் எல்லோரும் மின்சார காரில் ஆபீஸ் போகிறவர்கள், வீல் மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறவர்கள். நான் கேட்ட கேள்விக்கு இரண்டே நாளில் முந்நூறு செய்தி வந்தது. அதில் நாற்பது காலை வணக்கம், ஒன்று மூட்டுவலிக்கு முருங்கைக் கீரை. மீதி எல்லாம் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட பட்டியல்கள். எந்தப் பாக்ஸ் எவ்வளவு டார்க் தாங்கும், எதன் பல் எத்தனை தடிமன். கோயம்புத்தூரில் படித்ததாக அடிக்கடி நினைவூட்டும் ஒருவர், டார்க் என்று எழுதாதீர்கள், முறுக்குவிசை என்று எழுதுங்கள் என்று என்னைத் திருத்தினார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இவர்களைச் சொல்லி என்ன. நானும் எக்செல் ஷீட் போட்டேன். இருபத்திரண்டு கியர் பாக்ஸ், பதினாறு பத்தி. எடை, நீளம், கியர் விகிதம், டார்க். இறுதியாக ஒரு கனரக பிக்கப் வண்டியின் பாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன், ஐந்து கியர் உள்ளது. நான் போட்ட இன்ஜினைப் போல இரண்டைத் தாங்கும். கியர் தரையில் வரும். அதற்காக அடித்தட்டில் ஓட்டை போட வேண்டும், நீள சீட்டை நடுவில் வெட்டி இரண்டு தனிச் சீட்டாக்க வேண்டும். கலர் கலராக வரைபடம் போட்டு அனுப்பினேன்.

பதினாறு பத்தி போட்டேனே, அதில் டாடி பெயரிலோ மம்மி பெயரிலோ ஒரு பத்தி இல்லை. என்னைவிட அந்த ரிசார்ட்காரன் மேல்.

4

வரைபடம் போனது ஏழுமலைக்கு. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்தில், ஆட்டோ திரும்ப முடியாத இடத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப். டாடியின் காரை முப்பது வருடமாக அவர் ஒருவர்தான் தொடுவார். வீடும் முன்பு அங்கேயே கூவம் ஓரமாக இருந்தது. அதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து தினமும் வருகிறார்.

ஒருமுறை போனில் நான் வெளிநாட்டு வாழ்க்கையின் கஷ்டங்களை அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நானுந்தான் நைனா ஊர விட்டுப் போனவன். தெனம் ரெண்டு பஸ் மாறி வந்துக்கினு போய்க்கினு கீறேன். நீ அஞ்சு வர்சத்துக்கு ஒருக்கா வர்றே. இதுல யாருக்குக் கஸ்டம்?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் அவரிடம் எடுப்பதில்லை.

கியர் பாக்ஸ் விஷயத்தில் நான் டிரான்ஸ்மிஷன் என்று ஆரம்பித்தாலே அவர் இருமுவார். எத்தனை முறை பேசினாலும் கேள்வி ஒன்றுதான்.

"அதெல்லாம் கெடக்கட்டும். வண்டிய யாரு ஓட்டப்போறாங்க?"

"நான்தான் ஏழுமலை."

"நீ செரி. டீச்சரம்மா முன்னாடிதானே குந்துவாங்கோ?"

மரியாதைக்கு மம்மியை விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மம்மி நல்லா இருக்காங்க என்பேன்.

"சீட்ட வெட்டணும், ஓட்ட போடணும்னு எழுதிக்கீறியே நைனா. சாருகிட்ட கேட்டியா?"

"டாடிக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்."

"செரி, பாத்துக்கலாம்."

சென்னையில் பாத்துக்கலாம் என்றால் நடக்காது என்று பொருள். ஊரைவிட்டு வந்த பதினான்கு வருடத்தில் அதைக்கூட மறந்துவிட்டிருந்தேன். வேலை மும்முரமாக நடக்கிறது என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

5

பொன்விழாவுக்கு மூன்று நாள் முன்னால் போய் இறங்கினேன். மனைவிக்கு லீவு இல்லை, கெவினுக்குப் பரீட்சை. பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேரே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன்.

கார் பளபளவென்று நின்றது. கதவைத் திறந்தேன். நீள சீட் அப்படியே இருந்தது. தரையில் ஓட்டை இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே அதே கை கியர், அதே தேய்ந்துபோன கறுப்புக் குமிழ்.

சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பதினோரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டவன் முட்டாளா, வரைபடம் எதற்கு அனுப்பினேன், பஜ்ஜி மடிக்கவா என்று கேட்டேன். வெளிநாட்டில் எனக்கு இந்தக் குரல் கிடையாது. அங்கே மேனேஜரிடம் சாரி சொல்லியே தொண்டை தேய்ந்துவிட்டது. விமானத்தைவிட்டு இறங்கியதும் ஏழுமலையிடம் மட்டும் இந்தக் குரல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

அவர் கை துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பழைய ஜீப் பாக்ஸு நைனா. நாலு கியர். பல்லு ஒவ்வொண்ணும் உன் கட்டவெரலு தண்டி. மேல் மூடிய மாத்தி, கம்பி இஸ்து, கை கியர்லயே சேத்துட்டேன். அதுக்குத்தான் ரெண்டு மாசம் ஆச்சு."

"நான் சொன்ன பாக்ஸ் இதைவிட பலம்."

"நீ இஞ்சினுக்கு பலம் பாத்தே. ஓட்டறவங்களப் பாக்கல. ஒங்க வூட்டு வண்டி எப்பிடி போவும்னு எனக்குத் தெரியும். ரெண்டுலதான் எடுப்பாங்கோ, முப்பதுலயே டாப் போட்டுருவாங்கோ. மெதுவா போய்க்கினு மூணுல மிதிச்சா பல்லுக்குத்தான் அடி. லஸ்ல பல்லு போனதே அப்பிடித்தான். அதுக்குத் தாங்கறாப்ல இத்தப் போட்டுக்கீறேன். தரை கியர் போட்டா நடு சீட்டு போயிடும், டீச்சரம்மாவுக்கு எட்டாது."

மம்மிக்கு எதற்கு எட்ட வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கோபத்தில் இருக்கிறவன் கேள்வி கேட்பதில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார் என்று சாவியை நீட்டினார். தூக்கக் கலக்கமாக இருக்கிறது, நீங்களே வீட்டில் கொண்டுவந்து விடுங்கள் என்றேன்.

தூக்கக் கலக்கம் பொய். பதினான்கு வருடமாக நான் கிளட்ச் என்ற ஒன்றை மிதித்ததே இல்லை. சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குப் பயமாக இருந்தது.

6

பொன்விழா அன்று காலை எட்டரை மணி. பட்டுப்புடவையில் மம்மி, கோட்டு போட்ட டாடி. நான் பெரிய மனுஷனாகப் பின்கதவைத் திறந்துவைத்து நின்றேன். மம்மி அதைக் கவனிக்கவே இல்லை. சுற்றிக்கொண்டு போய், முன்பக்கம் இடது கதவு வழியாக ஏறி நகர்ந்து, நடுவில், ஸ்டியரிங் பக்கமாக ஒட்டி உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு டாடி ஏறிக் கதவைச் சாத்தினார்.

"மூணு பேரும் முன்னாடியா?" என்று கேட்டுக்கொண்டே நானும் ஏறினேன்.

"எடு, நேரமாச்சு," என்றார் டாடி.

எடுத்தேன். வண்டி ஒரு முறை துள்ளி நின்றது. மறுபடி எடுத்தேன். கியர் கறகறவென்று கத்தியது, ஏழுமலையின் இரண்டு மாத வேலை என் கையில் அரைபடுவது கேட்டது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் பார்த்தார்கள். மூன்றாவது முறை இன்ஜினே அணைந்துவிட்டது. கிளட்சை எவ்வளவு நேரம் மிதிப்பது, எங்கே விடுவது, காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கியரைப் பார்த்தால் கால் மறந்தது, காலைப் பார்த்தால் கியர் எங்கே என்று தெரியவில்லை. முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. இருபத்திரண்டு கியர் பாக்ஸின் எடை எனக்கு மனப்பாடம்.

"அந்த ரிசார்ட்காரர் நம்பர் உன்கிட்ட இருக்கா ரெஜினா?" என்று டாடி மம்மியிடம் கேட்டார். கேலியாக இல்லை. அப்படிக் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

மம்மி ஜெபமாலையைக் கைப்பையில் போட்டார். வலது கையை நீட்டி அந்தக் கறுப்புக் குமிழைப் பிடித்தார்.

"சேவி, நீ கையை எடு. ஸ்டியரிங்கை மட்டும் பிடி, காலை மட்டும் பாத்துக்கோ. மிதின்னா மிதி. விடுன்னா மெதுவா விடு. கியர் என் பொறுப்பு."

"மம்மி..."

"மிதி."

மிதித்தேன். குமிழ் சத்தமில்லாமல் இரண்டாவது கியருக்குப் போனது. "விடு. மெதுவா. இன்னும் மெதுவா." வண்டி நகர்ந்தது. மம்மி ரோட்டைப் பார்க்கவில்லை, கியரைப் பார்க்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மிதி," என்றார். மூன்று. "மிதி." டாப். முப்பதைக்கூடத் தாண்டவில்லை. ஏழுமலையின் பாக்ஸ் முனகாமல் இழுத்தது.

கோயில் வாசலில் நிறுத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "எத்தனை வருசமா மம்மி?"

"ஒம்பது வருசமா. டாடிக்கு சுகர்ல இடது தோள் இறுகிப்போச்சு. கையைத் தூக்க முடியல. வண்டிய வித்துடலாம்னார். கியர்தானே, நான் போடறேன்னேன்."

ஒன்பது வருடம். வாராவாரம் வீடியோவில் பேசியிருக்கிறேன். அதில் டாடியின் முகம் தெரியும், தோள் தெரியாது. நடுவில் ஊருக்கு வந்த இரண்டு முறையும் காருக்கு உறை போட்டு வைத்திருந்தார்கள். ஆப்பில் டாக்சி கூப்பிட்டு ஊர் சுற்றிவிட்டுப் போனேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் குடுத்திருப்பே," என்றார் மம்மி. "எனக்கு வேலையில்லாமப் போயிருக்கும்."

பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அடையாறு வரைக்கும் விடு என்றார் டாடி. பாலத்தில் ஏறும்போது மூன்றுக்கு இறக்க மம்மி குமிழைப் பிடித்தார். மிதி என்று அவர் சொல்வதற்குள் மிதித்தேன். அன்று முழுக்க நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

வீட்டுக்கு வந்ததும் டாடி கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"யார் ஓட்டுறாங்களோ அவங்களுக்குத்தான்னு சொன்னேன்," என்றார். சாவியை மம்மியின் கையில் வைத்தார்.

"எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதேங்க."

"அது ஒரு வேலையா? இவனே பிடிக்கிறான்."

மம்மி வாய்விட்டுச் சிரித்தார். சாவி கைப்பைக்குள் ஜெபமாலையோடு போனது. எனக்கு அழுகை வந்தது. காரை இழந்ததற்காக அல்ல.

7

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழுமலை இரண்டு பஸ் மாறி சாந்தோம் வருகிறார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து மிதிக்கிறார், மம்மி கியர் போடுகிறார், டாடி ஓரத்தில் உட்கார்ந்து கடற்கரையைப் பார்க்கிறார். ஏழுமலைக்குத் தனியாக ஓட்டத் தெரியாதா என்ன. "அவங்க வண்டி நைனா, நா கியர்ல கை வைக்க மாட்டேன்," என்றார் போனில். ரிசார்ட்காரனுக்கு வேறு யாருடைய காரோ கிடைத்துவிட்டதாம்.

நான் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மம்மி சொன்னது ஒன்றே ஒன்று. "அடுத்த தடவை காலைப் பழக்கிட்டு வா. எப்பவும் ஏழுமலையவே கூப்பிட முடியாது."

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போவதில்லை. எக்செல் ஷீட்டை அழித்துவிட்டேன். நேற்று ஒரு டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டி வகுப்புக்குப் பதிவு செய்தேன், எனக்கும் கெவினுக்கும். அவன் முறைத்தான். உன் பாட்டிக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது என்றேன். முழுக் கதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கியர் வண்டி ஓட்டிய அனுபவம், வருடங்களில். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஓட்டியதை எல்லாம் கூட்டி ஆறு என்று எழுதப்போனேன். பேனா நின்றது. ஒரு நாள், சாந்தோமிலிருந்து அடையாறு வரை, அம்மாவோடு. அதை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. பூஜ்யம் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.